பான்ஜோவுக்கு நேட்டிவ் எது?

காலேஜ் ஹாஸ்டலில் முதல் வாரம் எல்லோரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். 'நேட்டிவ் எது?'. பேர், பிராஞ்ச், கட்-ஆஃப் எல்லாம் அப்புறம். எனக்கு அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வராது. அப்பா விளாத்திகுளம் பக்கம். அம்மாவுக்குக் கும்பகோணம். நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப். அங்கே பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர் எல்லோருமே வேறெங்கிருந்தோ வேலைக்கு வந்து குடியேறியவர்கள்தான். 'சும்மா ஒண்ணைச் சொல்லுடா, எதையாவது நோட்டுல எழுதணும்ல' என்பான் ரூம்மேட்.

இந்தக் கேள்வியை ஒரு அமெரிக்கக் குடும்பத்திடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பேர் 'தி ஐசக்ஸ்'. அம்மா லில்லி, மகன் பென், மகள்கள் சோன்யா, பெக்கி. பென் ஆள் உயரத்துக்கு நிற்கிற பேஸ் வாசிப்பார். சோன்யா மேண்டலின். பெக்கி கிடார். இவர்கள் பாடுவது ப்ளூகிராஸ் காஸ்பல். அதாவது அமெரிக்காவின் தென்கிழக்கு மலைப்பக்கத்தில் உருவான ப்ளூகிராஸ் என்கிற நாட்டுப்புறப் பாணியில் கிறிஸ்தவ பக்திப் பாடல்கள். அந்தப் பாணியில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது. முழுக்க மரமும் கம்பியும்தான்.

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போகிற பஸ்ஸில் சீனியர் ஒருத்தர் ஹெட்போனில் ஒரு பக்கத்தை என் காதில் மாட்டிவிட்டார். பாட்டின் நடுவில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோய், குரல்கள் மட்டும் வந்தன. 'எத்தனை பேர் பாடறாங்க, சொல்லு பார்ப்போம்' என்றார். ஒருத்தர் போலவும் இருக்கிறது, பத்துப் பேர் போலவும் இருக்கிறது. குரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. 'குடும்பம்டா. அதான் அப்படி' என்றார் சீனியர். அந்த 'அதான்' எனக்குப் போதவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது!

<b>லில்லியின் கதை</b>

முதலில் குடும்பத்தையே பிரித்துப் பார்ப்போம். லில்லியின் அப்பா, அம்மா போலந்து நாட்டு யூதர்கள். ஹிட்லர் காலத்துப் படுகொலையில் உயிர் தப்பியவர்கள். போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் லில்லி பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நியூயார்க்குக்குக் கப்பலேறிவிட்டது. அந்த ஊரின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த லில்லி, 1960களின் நாட்டுப்பாடல் அலையில் தோழி ஒருத்தியுடன் ஜோடி சேர்ந்து பாடினார். 1968ல் 'லில்லி அண்ட் மரியா' என்று கொலம்பியா கம்பெனி அவர்களுக்கு ஒரு இசைத்தட்டே போட்டது.

அந்த நியூயார்க் நாட்களில்தான் ஜோ ஐசக்ஸ் என்ற பான்ஜோக்காரரைச் சந்தித்தார் லில்லி. ஜோ, கென்டக்கி மாநிலத்து மலைக்காரர். நகரத்து யூதப் பெண், மலைநாட்டுக் கிறிஸ்தவப் பையன். நம்ம ஊர் சினிமாவில் இடைவேளைக்கு முன்னாடி வருகிற கதை! 1970ல் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே ஜோவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் கார் விபத்தில் இறந்துபோனார். அந்தச் சாவு வீட்டில்தான் வாழ்க்கை திரும்பியது. லில்லி கிறிஸ்தவரானார். கணவனும் மனைவியும் பக்திப் பாடல்கள் பாட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வளர வளர ஒவ்வொருவராக மேடையேறினார்கள்.

யூதர்களாகப் பிறந்த ஒரே காரணத்துக்காகச் சாவின் வாசல் வரை போய்வந்த அப்பா அம்மாவுக்கு, மகள் அந்த அடையாளத்திலிருந்து விலகிப் போனது எப்படி இருந்திருக்கும்? இந்த இடத்தை 'அழகான சங்கமம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஒரு வேர் புதிதாக ஊன்றும்போது இன்னொரு வேர் வலிக்கத்தான் செய்யும். ப்ளூகிராஸ் காஸ்பல் பாடுகிற ஒரு குடும்பத்தின் அம்மாவுக்கு அந்த இசையும் பிறப்பால் வரவில்லை, அந்த மதமும் பிறப்பால் வரவில்லை. இது மட்டும் நிஜம்.

சரி, அம்மாதான் வெளியூர். அப்பா ஜோ மூலமாக வந்ததாவது 'சுத்தமான' மலை இசையா? அங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

<b>கடைக்குட்டிக்குக் கிடைத்த மேண்டலின்</b>

ப்ளூகிராஸ் ஆயிரம் வருஷப் பழசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடையவே கிடையாது. என் தாத்தாவைவிடக் கொஞ்சம் மூத்தது, அவ்வளவுதான். அதற்கு அப்பா என்று சொல்லப்படுகிற பில் மன்ரோ 1911ல் கென்டக்கியின் ரோஸின் என்ற குக்கிராமத்தில், எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் வாசிப்பார்கள். ஃபிடிலை ஒரு அண்ணன் எடுத்துக்கொண்டார். கிடாரை இன்னொரு அண்ணன் எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது மேண்டலின். அதிலும் சத்தம் அதிகம் வரக் கூடாது என்று எட்டுக் கம்பியில் நாலுதான் மாட்ட விட்டார்களாம் அண்ணன்கள். கடைக்குட்டியாகப் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வலி தெரியும். அண்ணன் சட்டை, அக்கா சைக்கிள் கேஸ்!

பதினாறு வயதுக்குள் அம்மா, அப்பா இருவரையும் இழந்தார் மன்ரோ. ஃபிடில் வாசிக்கிற தாய்மாமா ஒருவரிடம் போய்த் தங்கினார். மாமாவோடு ஊர் ஊராக நடன நிகழ்ச்சிகளுக்குப் போய் வாசித்தார். அதே ஏரியாவில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்று ஒரு கலைஞர் இருந்தார். கிடார், ஃபிடில் இரண்டும் அவருக்கு அத்துப்படி. கறுப்பர். அவரோடும் சேர்ந்து வாசித்தார் சிறுவன் மன்ரோ. தன் இசையில் உள்ள ப்ளூஸ் சாயலுக்கு ஷுல்ட்ஸும் ஒரு காரணம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சொந்தமாகக் குழு அமைத்தபோது, 'ப்ளூகிராஸ் மாநிலம்' என்று பேரெடுத்த தன் கென்டக்கியின் நினைவாக 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று பேர் வைத்தார். 1939ல் நாஷ்வில் நகரத்தின் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' வானொலி மேடையில் இடம் கிடைத்தது. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயதுப் பையன் பான்ஜோவோடு வந்து சேர்ந்தார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அவர் உருட்டிய வேகத்தில் கூட்டம் வாயடைத்துப்போனது. எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு அளவை 3, 3, 2 என்று பிரித்து உருட்டுவது அந்தப் பாணியின் அடிப்படைகளில் ஒன்று. எட்டை நாலு நாலாகப் பிரித்தால் மார்ச்-பாஸ்ட். 3, 3, 2 என்று பிரித்தால் கால் தானாக ஆடும். தவில்காரர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே தொடையில் தட்டிக் காட்டுவார்கள்.

பிற்பாடு மன்ரோ குழுவின் பேரே அந்தப் பாணிக்கும் பேராகிப்போனது. நடுநடுவே வாத்தியங்களைக் குறைத்து, நாலு பேர் நெருங்கி நின்று பக்திப் பாடல் பாடுவது அந்தக் குழுவின் வழக்கம். அதனால் ப்ளூகிராஸும் காஸ்பலும் அண்ணன் தம்பியாகவே வளர்ந்தன.

<b>முக்கோணம், வட்டம், சதுரம்</b>

அந்த நாலு பேர் நாலு சுருதியில் பாடக் கற்றது எங்கே? கன்சர்வேட்டரியில் இல்லை. பருத்திக்காட்டிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த ஜனங்களுக்கு அதெல்லாம் எட்டாத தூரம். அவர்களுக்காகவே ஒரு குறுக்குவழி இருந்தது. ஸ்வரங்களை வடிவங்களாக அச்சடிப்பது. முக்கோணம் என்றால் 'ஃபா'. வட்டம் என்றால் 'சோல்'. சதுரம் 'லா'. வைரம் 'மி'. கோடுகளைப் படிக்கத் தெரியாதவரும் வடிவத்தைப் பார்த்துப் பாடிவிடலாம். இன்றைய மொழியில் சொன்னால் யூசர் ஃப்ரெண்ட்லி!

1800களின் ஆரம்பத்திலேயே இப்படிப் பாட்டுப் புத்தகங்கள் வந்துவிட்டன. 1844ல் வந்த 'தி சேக்ரட் ஹார்ப்' என்ற தொகுப்பிலிருந்து இன்றைக்கும் பாடுகிறார்கள். பாடுகிற முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாலு பக்கமும் பெஞ்ச் போட்டு, ஒரு சதுரமாக உள்முகம் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரு சுருதிக்காரர்கள். நடுவில் ஒருவர் நின்று கையை ஏற்றி இறக்கித் தாளம் போடுவார். ஆடியன்ஸ் என்று யாருமே கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் பாடகர்கள்தான்.

அப்புறம் ஏழு வடிவங்கள் வந்தன. ஊர் ஊராகப் பாட்டுப் பள்ளி நடத்தினார்கள். வாத்தியார் ஒன்றிரண்டு வாரம் தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பின்னாலேயே பிசினஸும் வந்தது. 1910ல் ஜேம்ஸ் வாகன் என்ற டென்னஸ்ஸி பதிப்பாளர், தன் பாட்டுப் புத்தகங்களை விற்பதற்காகவே நாலு பாடகர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். நாலு பேர் வந்து கலக்கலாகப் பாடினால், கேட்டவர்கள் புத்தகம் வாங்காமல் போவார்களா? தென்மாநிலங்களின் தொழில்முறை காஸ்பல் குழுக்களுக்கு ஆரம்பம் இந்த மார்க்கெட்டிங் ஐடியாதான். பக்தி, பாடம், வியாபாரம் மூன்றும் ஒரே பஸ்ஸில் போயிருக்கின்றன.

அந்த பஸ்ஸில் குடும்பம் குடும்பமாகவே ஏறினவர்களும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் லிங்கன்டன் ஊரைச் சேர்ந்த லூயிஸ் குடும்பம் 1950களில் மேடையேறி 2009 வரை பாடியது. அப்பா, அண்ணன் தம்பிகள், மூன்று அக்கா தங்கைகள், பிறகு பேரன்கள். அகஸ்டா நகரத்து டி.வி.யில் 1954ல் அவர்கள் ஆரம்பித்த வாராந்திர நிகழ்ச்சி 1992 வரை ஓடியது. நம்ம மெகா சீரியல்கள் எல்லாம் கிட்டவே நிற்க முடியாது! கடைசித் தம்பி லிட்டில் ராய் பான்ஜோவில் பொளந்துகட்டுவார், நடுவில் காமெடியும் பண்ணுவார். ஐசக்ஸ் மாதிரிக் குடும்பங்களுக்கு 'வீடே குழு, குழுவே பிழைப்பு' என்று ரோடு போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்.

<b>குரலுக்கு ஈ.சி.ஜி.</b>

இப்போது சீனியரின் 'அதான்' கேஸுக்கு வருவோம். ஒரே ரத்தம் பாடினால் வருகிற ஒட்டுதலை அங்கே 'ப்ளட் ஹார்மனி' என்றே சொல்கிறார்கள். இதில் ரத்தம் எவ்வளவு, ப்ராக்டிஸ் எவ்வளவு?

பொங்கல் லீவில் அக்காவை உட்காரவைத்து 'ஆ' சொல்லச் சொன்னேன். அதே சுருதியில் நானும் 'ஆ'. லேப்டாப்பில் இரண்டின் ஸ்பெக்ட்ரத்தையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, 'என்னடா இது, குரலுக்கு ஈ.சி.ஜி. எடுக்கிறியா?' என்றாள். அம்மா சமையல்கட்டிலிருந்து, 'ரெண்டு பேரும் ஆ-ன்னு கத்தினது போதும், வந்து தேங்காயைத் துருவுங்க' என்றாள். மேடுகள் விழுந்த இடங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ரூம்மேட்டின் 'ஆ' வேறு மாதிரி மேடு காட்டியது. மூன்று பேரை வைத்துச் செய்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது புரிந்தது.

ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் வாய், தொண்டையின் அளவும் வடிவமும் சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். ஒரே குடும்பத்தில் அந்த அமைப்பு ஓரளவு ஒத்துப்போகும். இது ரத்தத்தின் பங்கு. ஆனால் 'ஆ'வை எவ்வளவு திறந்து சொல்வது, 'ஈ'யை எவ்வளவு இழுப்பது என்பதெல்லாம் ரத்தத்தில் வராது. ஒரே வீட்டில், ஒரே பேச்சுவழக்கில், ஒரே சாப்பாட்டு மேஜையில் வருவது அது.

அடுத்தது சுருதி. பதினொன்றாம் வகுப்பில் 'விம்மல்கள்' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நெருக்கமான இரண்டு அதிர்வெண்கள் சேர்ந்தால் ஒலி ஏறி ஏறி இறங்கும். 440, 442 என்றால் வினாடிக்கு 2 விம்மல். இப்போது ஒருவர் 440 ஹெர்ட்ஸில் பாடுகிறார், இன்னொருவர் அதன் மேல் மூன்றாவது ஸ்வரத்தைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் அது சுமார் 554.4 ஹெர்ட்ஸ். ஆனால் 5-க்கு 4 என்ற சுத்த விகிதத்தில் வரவேண்டியது 550. கீபோர்டு ஸ்வரத்தின் நாலாவது மடங்கும், கீழ் ஸ்வரத்தின் ஐந்தாவது மடங்கும் மோதி வினாடிக்குப் பதினேழு தடவைக்கு மேல் விம்மும். அதுதான் காதில் கேட்கிற லேசான கரகரப்பு. 550ஐச் சரியாகப் பிடித்தால் விம்மல் செத்துப்போகும். இரண்டு குரலும் ஒட்டிக்கொள்ளும்.

பஸ்ஸில் எனக்குக் கேட்டது இதுதான். வாத்தியங்கள் நின்ற அந்த நொடியில் குரல்கள் சுத்த விகிதத்தை நோக்கி நகர்கின்றன. ஒவ்வொருவரும் மற்றவர் குரலைக் கேட்டு, தன் சுருதியை அரை மயிரிழை இறக்கிக்கொள்கிறார்கள். அதற்கு ரத்தம் போதாது, காது வேண்டும். 'நான் கரெக்டாத்தான் பாடறேன்' என்று நிற்பவரால் இது முடியவே முடியாது. எங்கள் வீட்டில் நானும் அக்காவும் ஒரே ரத்தம்தான். ஆனால் சேர்ந்து பாடினால் அப்பா டி.வி. சவுண்டைக் கூட்டுவார்!

<b>ரெக்கார்டு கம்பெனி போட்ட கோடு</b>

இதுவரை எல்லாம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. மலை இசையின் அஸ்திவாரம் போட்ட இன்னொரு குடும்பத்தைப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தும். கார்ட்டர் குடும்பம். ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபல். 1927 ஆகஸ்டில் டென்னஸ்ஸியும் வர்ஜீனியாவும் சந்திக்கிற பிரிஸ்டல் நகரத்துக்குப் போய், விக்டர் கம்பெனிக்காக ஆறு பாட்டுப் பதிவு செய்தார்கள். மேபல் அப்போது கர்ப்பிணி. கட்டைவிரலால் ராகத்தையும் மற்ற விரலால் தாளத்தையும் கிடாரில் வாசித்த அவருடைய முறை பிறகு வந்த எத்தனையோ கிடார்காரர்களுக்குப் பாடம்.

பாட்டுகளுக்குத் தேவை கூடியதும் ஏ.பி. மலை மலையாக அலைந்து சேகரித்தார். கூடவே போனவர் லெஸ்லி ரிடில். கறுப்பர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கிடார் வாசிக்கிற கையில் விரல்களும் குறைவு. ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொள்வார். மெட்டு ரிடிலின் மனசில் பதிந்துவிடும். மனித டேப் ரிக்கார்டர் மாதிரி! மேபலும் அவரிடம் கிடார் நுணுக்கங்கள் கற்றுக்கொண்டார். இசைத்தட்டு லேபிளில் யார் பேர் வந்தது? ஏ.பி. கார்ட்டர். ரிடில் இசையை விட்டு ஒதுங்கி வாழ்ந்தார். 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் கதையே வெளியே வந்தது.

இதில் தனிமனிதர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. 1920களில் ரெக்கார்டு கம்பெனிகள் கேட்டலாக்கையே இரண்டாக வெட்டின. வெள்ளையர் பாடினால் 'ஹில்பில்லி'. கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. கிராமத்து நடன நிகழ்ச்சியில் பக்கத்தில் பக்கத்தில் வாசித்த இரண்டு பேர், கடைக்குப் போனால் தனித்தனி அலமாரி. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த தலைமுறை, இசையும் ஆரம்பத்திலிருந்தே அப்படிப் பிரிந்துதான் இருந்தது என்று நம்பிவிட்டது.

அந்த நம்பிக்கைக்குப் பெரிய பலி பான்ஜோ. மலைநாட்டு வெள்ளைக்காரனின் அடையாளமாகவே சினிமாவில் அதைக் காட்டுவார்கள். உண்மையில் அதன் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, கழி செருகி, கம்பி கட்டிய வாத்தியங்கள் அங்கே உண்டு. செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் 'அகோன்டிங்' இன்றும் உயிரோடு இருக்கிற ஒரு சொந்தக்காரன். கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைக் கம்பி அதிலும் உண்டு. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களுடன் அந்த அறிவும் கடல் தாண்டியது. கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் புது வாத்தியமாக உருவெடுத்தது. 1830, 40களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த வெள்ளைக்கார மேடை நடிகர்கள் அதைப் பிரபலமாக்கினார்கள். அப்புறம் மலைக்கு வந்தது, ஸ்க்ரக்ஸ் கைக்கு வந்தது, ஜோ ஐசக்ஸ் கைக்கு வந்தது.

கதை அங்கேயே நிற்கவில்லை. 2005ல் வட கரோலினாவில் கறுப்பு பான்ஜோ கலைஞர்களும் ஆர்வலர்களும் ஒன்றுகூடினார்கள். அங்கே சந்தித்த இளைஞர்கள் சேர்ந்து 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். ஜோ தாம்சன் என்ற முதிய கறுப்பு ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். 2011ல் கிராமி வாங்கினார்கள். அந்தக் குழுவின் ரியானன் கிடன்ஸ்தான் 2024ல் பியான்சே பாடிய 'டெக்சஸ் ஹோல்டம்' பாட்டின் பான்ஜோ. ரீல்ஸில் அந்தப் பாட்டுக்கு ஆடினவர்கள் எத்தனை பேருக்கு அந்தக் கம்பிச் சத்தத்தின் வயசு தெரியும்?

மிச்ச வாத்தியங்களும் வெளியூர்தான். ஃபிடில், ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பக்கமிருந்து வந்த குடியேறிகளோடு வந்தது. மேண்டலின், இத்தாலி. நமக்கு மேண்டலின் என்றால் யு.ஸ்ரீநிவாஸ். மன்ரோவுக்கு அது கிப்ஸன் கம்பெனியின் 1923ம் வருஷத்து எஃப்-5. லாய்ட் லோர் என்ற அக்கூஸ்டிக் எஞ்சினீயர், வயலினில் இருப்பது போன்ற 'எஃப்' வடிவத் துளைகளை மேண்டலினுக்குக் கொண்டுவந்து செதுக்கிய மாடல் அது. எஞ்சினீயர்களுக்கும் இந்த வேரில் ஒரு பங்கு உண்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

<b>உடைந்த பிறகும்</b>

'எல்லாமே கலப்பு, யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, ஜாலியா இருப்போம்' என்று இதற்கு முடிவுரை எழுதுவது ஈஸி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கலந்தது உண்மை. கலந்த எல்லோருக்கும் பேரும் காசும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. வேரைத் தோண்டுவது 'நாங்கதான் ஒரிஜினல்' என்று மார்தட்டுவதற்கு இல்லை. யாருக்கு நன்றிக்கடன் பாக்கி இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதற்கு. காலேஜ் கல்ச்சுரல்ஸில் கிராமத்துப் பாட்டை ரீமிக்ஸ் பண்ணி கைதட்டல் வாங்குகிறோமே, அறிவிப்பில் அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் பேரை எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

குடும்பம் என்பதும் அப்படித்தான். ரத்தம் என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடுவதில்லை. கார்ட்டர் குடும்பத்தில் ஏ.பி.யும் சாராவும் 1936ல் விவாகரத்து செய்துகொண்டார்கள். அதற்கப்புறமும் சில வருஷங்கள் ஒரே மைக் முன்னால் நின்று பாடினார்கள். வேலை அது. ஐசக்ஸ் குடும்பத்திலும் 1998ல் லில்லியும் ஜோவும் பிரிந்தார்கள். குழுவுக்குப் பேர் கொடுத்தவர், பான்ஜோவைக் கொண்டுவந்தவர், மேடையில் இல்லை. ஒரு ஹார்மனியிலிருந்து ஒரு சுருதியை எடுத்துவிட்டால் மிச்சம் அப்படியே நிற்காது. ஒவ்வொருவரும் தன் இடத்தை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் அதைச் செய்தார்கள். பஸ்ஸில் நான் கேட்டது அந்தப் பிரிவுக்குப் பிறகு வந்த பாட்டு. இடைவெளி எங்கே என்று தேடித் தேடிக் கேட்டேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

2021 செப்டம்பரில் ஐசக்ஸ் குடும்பத்தை கிராண்ட் ஓலே ஆப்ரி தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்த மேடையின் நடுவில் வட்டமாக ஒரு ஓக் மரப்பலகை பதித்திருப்பார்கள். 1974ல் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, பழைய ரைமன் அரங்கத்தின் மேடையிலிருந்து வெட்டி எடுத்து வந்தது. 21 வயது ஸ்க்ரக்ஸ் பான்ஜோவை உருட்டியது அந்த ரைமன் மேடையில்தான். போலந்திலிருந்து உயிர் தப்பியவர்களின் மகள், தன் பிள்ளைகளோடு ஆப்ரியின் உறுப்பினராக வந்து நின்றார். அவர் அந்த இடத்துக்குப் பிறக்கவில்லை. ஐம்பது வருஷம் பாடிச் சேர்ந்தார்.

நேரம் கிடைக்கும்போது ஒரு ப்ளூகிராஸ் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் உத்தமம், இல்லாவிட்டால் ரூம்மேட்டுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். பான்ஜோ உருளும்போது, மேலே விடாமல் 'டிங், டிங்' என்று ஒரே ஸ்வரம் அடித்துக்கொண்டே இருக்கும். மற்றக் கம்பிகள் எங்கே போனாலும் அது மட்டும் நகராது. கட்டைவிரலின் குட்டைக் கம்பி அதுதான். சுரைக்குடுக்கைக் காலத்திலிருந்து வருகிற பழக்கம். அதைக் காதில் பிடித்துவிட்டீர்கள் என்றால், அப்புறம் பாட்டு முழுக்க அதுதான் கேட்கும்.